அடுப்பங்கரைக்கு வந்த கல்

சங்கரம்மாளால் நிற்க முடியும், நடக்க முடியும், இடுப்பில் குடம் சுமந்து தெருவைக் கடக்கவும் முடியும். உட்கார்ந்து எழுந்திருக்கத்தான் முடியாது. அது என்ன பெரிய குறை என்று கேட்கிறவர்கள் அந்தக் காலத்து அடுப்பங்கரையைப் பார்க்காதவர்கள். அடுப்பு தரையில் இருந்தது. அம்மியும் தரையில், அரிவாள்மணையும் தரையில், உரலும் தரையில். விடிந்ததிலிருந்து விளக்கணைக்கிற வரைக்கும் ஒரு மருமகளின் பிழைப்பு முழுக்க முழங்காலுக்குக் கீழேதான் நடந்தது.

தலைப்பிரசவத்தில் வந்த கோளாறு அது. நாள் கணக்கில் வலி எடுத்தும் பிள்ளை வரவில்லை. உத்தரத்தில் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டு முக்கச் சொன்னார்கள். கடைசியில் மருத்துவச்சி கையை உள்ளே விட்டு இழுத்ததில் பிள்ளை செத்து வந்தது, தாய் பிழைத்தாள். ஆனால் இடது இடுப்பு அதற்குப் பிறகு மடங்க மறுத்துவிட்டது. அந்தப் பிரசவக் கயிற்றையே அவிழ்த்துக்கொண்டு போய் அடுப்பங்கரை உத்தரத்தில் கட்டிக்கொண்டாள் சங்கரம்மாள். உலை வைக்க உட்கார அதுதான் துணை, எழுந்திருக்கவும் அதுதான் துணை. ஒரு வேளைச் சமையலுக்குள் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும் என்று சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவள் புருஷன் மருதப்பன் சங்கரன்கோவில் கடைத்தெருவில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றுக்கொண்டிருந்தான். தங்கமான மனுஷன் என்று ஊரில் பெயர். ஊருக்கென்ன, ஊர் அவனுக்குச் சோறு பொங்கிப் போடவில்லை. சாப்பாடு கொஞ்சம் பிந்தினால் சோற்றுக் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான். மாமியார் முத்துமாரியம்மாள் அப்போதெல்லாம் மருமகளைத் திட்ட மாட்டாள். மகனைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"சிவகிரிப் பக்கம் ஒரு புள்ள இருக்குன்னு சொல்லுதாக. நல்லா ஓடியாடி வேல செய்யுமாம். பாத்து வைக்கட்டா?"

இதைச் சங்கரம்மாள் காதுபடத்தான் சொல்வாள். மருதப்பன் சரி என்றும் சொல்ல மாட்டான், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டான். அந்த மௌனத்தில்தான் அவள் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்த வீடு மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர். அங்கே அண்ணன்மார் இருந்தார்கள், அண்ணிமாரும் இருந்தார்கள். திரும்பிப் போனால் மாட்டுத் தொழுவில் ஒரு மூலை கிடைக்கும். அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் மருதப்பன் ஒரு நாள் மதுரைக்குச் சரக்கு வாங்கப் போய்விட்டு வந்து, அங்கே ஒரு கிளப்புக் கடையில் மேடை கட்டி நின்றுகொண்டே சமைக்கிறார்கள் என்று அதிசயமாகச் சொன்னான். சங்கரம்மாள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அதே மாதிரி இங்கனயும் ஒரு மேடை கட்டித் தாங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. மாமியார் துள்ளிக் குதித்தாள்.

"நிண்ணுக்கிட்டுப் பொங்குததுக்கு இது என்ன கிளப்புக் கடையா? அடுப்புக்கு முன்னால குனியாத பொம்பள வீட்டுல லெச்சுமி தங்குவாளாட்டி?"

மருதப்பன் சம்மதித்தான். இரக்கப்பட்டுச் சம்மதித்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதுக் கல்யாணத்தைவிட மேடை மலிவு என்று அவனுக்குப் பட்டது, அவ்வளவுதான்.

கொத்தனார் குருசாமி வந்தான். மேடைக்கு என்ன போடுவது என்பதுதான் பிரச்சினை. மண்மேடை கட்டலாம்; தினமும் சாணி போட்டு மெழுக வேண்டும், மழைக்காலத்தில் ஊறும், எலி துளை போடும். யுத்தம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சிமெண்டுக்குப் பெர்மிட்டு வாங்க வேண்டும்.

"பெர்மிட்டு இல்லாம ஒரு சட்டி சிமெண்டுகூட வாங்க முடியாது அண்ணாச்சி. கள்ளத்துல வாங்கினா பாதி சாம்பலாத்தான் இருக்கும்" என்றான் குருசாமி.

மாமியார் தன் பங்குக்கு, பழைய கூண்டு வண்டிப் பலகை தொழுவில் சும்மாதான் கிடக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளட்டும் என்றாள். அடுப்புக்கு மரப்பலகை! சொன்னது அவள் என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

குருசாமிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யாருக்காகக் கட்டுகிறானோ அவர்களிடம் கேட்பான். அடுத்த நாள் செங்கல்லின் மேல் சுண்ணாம்புக்காரை பூசிக் காய்ந்த ஒரு துண்டும், ரயிலில் விருதுநகருக்கு வந்து இறங்கிய கடப்பாக்கல்லில் ஒரு சில்லும் கொண்டுவந்து சங்கரம்மாள் முன்னால் வைத்தான்.

"நீங்கதான் பொழங்கப் போறீக. பாத்துச் சொல்லுங்க தாயி."

எது வேண்டும் என்று அவளை ஒருவர் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. முதலில் முகம் சிவந்தது. பிறகு அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, மாட்டுத்தாவணிச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் தோற்றுப்போவான். காரைத் துண்டின் மேல் புளியைக் கரைத்து ஊற்றினாள். சற்று நேரத்தில் அது நுரைத்து, தடவினால் கையோடு வந்தது. "எங்க வீட்டுல புளிக்கொழம்பு இல்லாத நாள் ஏது?" என்று அதைத் தள்ளி வைத்தாள். கடப்பாக்கல் கறுப்பாக, மினுமினுவென்று அழகாகத்தான் இருந்தது. சுடச்சுட உலைப்பானையை இறக்கி அதன் மேல் வைத்துவிட்டு ஓரத்தில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் தெளித்தாள். டப்பென்று குறுக்கே விரிந்தது. மருதப்பனுக்குச் சில்லுக்கு யார் காசு கொடுப்பது என்று கவலை.

"அப்ப என்னதான் தாயி போட?"

"ஒத்தக் கருங்கல்லு போடு. இணைப்பு இல்லாம ஒரே பலகை. சூட்டுக்கும் புளிக்கும் அசையக் கூடாது. எங்க ஊர் ரோட்டுல மாடத்தி கல்லு இருக்குல்லா? அந்த மாதிரி. உயரம் அம்புட்டு வேண்டாம், எம் முழங்கைக்குக் கொஞ்சம் கீழ இருந்தாப் போதும். கல்லு அந்தக் கல்லு மாதிரி இருக்கணும்."

மாடத்தி கல் என்பது ஒரு சுமைதாங்கி. வயிற்றுப்பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் இறக்கி வைக்காத சுமையை நினைத்து, வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைக் குறுக்கே போடுவார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். மாடத்தி, சங்கரம்மாளோடு ஒன்றாக விறகுக்குக் காய்ந்த பருத்திமார் பிடுங்கப் போனவள். நிறைமாதத்துக்கு முன்பே ஜன்னி கண்டு செத்துப்போனாள். அவள் தாய் பிச்சம்மாள் இருந்த ஆடுகளை விற்று அந்தக் கல்லை ஓடைக்குப் பக்கத்தில் நட்டாள். எழுத்து வெட்ட அவளுக்கு வசதி இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லின் மேல் இலுப்பெண்ணெய் விளக்கு ஒன்று ஏற்றி வைப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் சங்கரம்மாள் எத்தனையோ தடவை விறகுச் சுமையை அதில் இறக்கி வைத்திருக்கிறாள். அதன் விளிம்பில் அரிவாளைத் தீட்டியும் இருக்கிறாள். உறுதிக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் என்றதும் அவளுக்கு வாயில் வந்தது அந்தக் கல்தான்.

குருசாமி அதைப் பார்த்து அளவு எடுத்து வரப் போனான். போன இடத்தில், சரளை போட்டு ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்டிராக்டரின் ஆட்கள் சுமைதாங்கியை நெம்பித் தள்ளியிருந்தார்கள். நட்டு வைத்த கல் இரண்டும் துண்டு துண்டாகிக் கிடக்க, பலகைக்கல் மட்டும் முழுசாக ஓடைக்குள் கிடந்தது. அதைப் பார்த்து மாதிரி தேட வந்தவனுக்கு அதுவே கிடைத்துவிட்டது. மேஸ்திரி கையில் ஏதோ கொடுத்துவிட்டு, அன்றைக்கே மாட்டு வண்டியில் ஏற்றி வைக்கோலைப் போட்டு மூடிக் கொண்டுவந்தான். மருதப்பனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லாத வே. கீழ்ப்பக்கத்த மேல திருப்பிப் போட்டுரு" என்றான் மருதப்பன்.

மேடை எழுந்தது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். கல்லின் ஒரு கோடியில் மண் அடுப்பு, மீதி இடம் முழுக்கப் பாத்திரம் வைக்க, காய் அரிய. சங்கரம்மாள் நின்றுகொண்டு தீ மூட்டினாள். நிமிர்ந்து நின்று, புடவையில் அடுப்புக்கரி படாமல், கயிற்றைத் தொடாமல். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டாள்.

பால் பொங்கியது. கல் சூடேறியது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. வருஷக்கணக்காகக் கல்லுக்குள் இறங்கியிருந்த இலுப்பெண்ணெய் சூட்டுக்குக் கசிந்து மேலே ஏறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காட்டிலிருந்து திரும்பும்போது மூக்கில் ஏறுகிற அதே வாசம். அவள் மெதுவாகக் கல்லின் அடிவிளிம்பைத் தடவினாள். அரிவாள் தீட்டித் தீட்டிக் குழிந்த இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

மருதப்பன் சாப்பிட வந்தபோது கேட்டாள்.

"இது மாடத்தி கல்லுல்லா?"

"ஆமா, அதுக்கு என்ன இப்ப? ரோட்டுக்காரன் ஓடையில தள்ளிட்டான். நாம எடுக்காட்டா உடைச்சு ஜல்லியாக்கியிருப்பான். நீதான அந்தக் கல்லு வேணும்னு பேர் சொல்லிக் கேட்ட?"

"அது மாதிரின்னு சொன்னேன். அதையேவா சொன்னேன்? பிச்சம்மா சின்னம்மைக்கு ஒரு வார்த்த சொல்லிருவோம்."

"சொல்லு. நாளைக்கே பேத்துக் குடுத்துருதேன். நீ பழையபடி கயித்தப் புடிச்சுத் தொங்கு. இன்னொரு கல்லு வாங்கிப் போட இங்க ஒண்ணும் கொட்டிக் கெடக்கல."

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போய்விட்டான். சிவகிரிப் பெண்ணை அவன் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்று சாயங்காலம் சங்கரம்மாள் அந்தக் கல்லின் மேல் காய் அரிந்தாள், மறுநாளும் அரிந்தாள்.

அதன் பிறகு வந்த மாதங்களில் அவளைப் பார்த்தவர்கள் வேறு ஆள் என்று நினைத்திருப்பார்கள். சாப்பாடு பிந்துவதில்லை. மருதப்பன் கும்பாவைத் தள்ளுவதில்லை. மாமியார்கூட, தெருவில் நாலு பேர் வந்து மேடையைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, தன் யோசனைதான் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். காலையில் கல் சூடேறும் நேரத்தில் மட்டும் சங்கரம்மாள் கொல்லைப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவாள். வாசம் கொஞ்சம் அடங்கினதும் வேலைக்குத் திரும்புவாள். மனுஷப்பிறவி எதற்குத்தான் பழகாது?

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பிச்சம்மாள் வந்தாள். கோமதியம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஊர்க்காரி வீடு ஒன்று இருக்கிறதே என்று தேடிக்கொண்டு வந்துவிட்டாள். ஆள் பாதியாகியிருந்தாள். சங்கரம்மாள் அவளை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. கொல்லை வாசற்படியில் உட்கார வைத்து இலை போட்டாள்.

"கல்லக் காணும் மக்கா" என்றாள் பிச்சம்மாள், சோற்றில் கை வைக்காமல். "ரோட்டுக்காரனக் கேட்டா, ஒரு வண்டிக்காரன் ஏத்திட்டுப் போனாங்கான். என்னத்துக்குட்டி ஏத்திட்டுப் போவான்? அது என்ன, ஆட்டுரலா, அம்மியா?"

"சாப்பிடுங்க சின்னம்ம."

"யாராச்சும் சுமைய எறக்கி வச்சு அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டா, அந்த மூச்சு அவளுக்குப் போய்ச் சேரும்னு சொல்லித்தான நட்டேன். வயித்துச் சுமையோட எங்க அலையுதாளோ. உம் மாப்ள கடைக்கு நாலு ஊர் வண்டி வருதுல்லா, யாராச்சும் பாத்தாகளான்னு கேட்டுச் சொல்லு மக்கா. ஒனக்குத் தெரியும்லா அந்தக் கல்லு. நீங்க ரெண்டு பேரும்தான ஒண்ணாத் திரிவீக."

சங்கரம்மாளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. வாயைத் திறந்தாள். உள்ளே மாமியார் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டாள். திறந்த வாயில் வேறு வார்த்தை வந்தது.

"கேட்டுச் சொல்லுதேன் சின்னம்ம."

தெரியாது என்று சொல்லியிருந்தாலாவது ஒரு பொய்யோடு போயிருக்கும். கேட்டுச் சொல்கிறேன் என்றதால் பிச்சம்மாள் நம்பிக்கையோடு போனாள், நம்பிக்கையோடு திரும்பி வந்தாள். சந்தைக்கு வரும்போதெல்லாம் கொல்லை வாசலில் வந்து உட்காருவாள். "கேட்டியா மக்கா?" என்பாள். "கேட்டேன் சின்னம்ம, ஒருத்தரும் பாக்கலையாம்" என்பாள் இவள். ஒரு தடவை பிச்சம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "விளக்கு ஏத்தியிருக்கியா? இலுப்பெண்ண மணக்கு" என்றாள். "ஆமா, சாமிக்கு" என்று சங்கரம்மாள் சொன்னாள். அன்று அவள் கொடுத்தனுப்பிய அரிசியும் பருப்பும் வழக்கத்தைவிட அதிகம். கூட இருக்கிற குற்றத்தைப் படி அளந்து கழித்துவிடலாம் என்று எல்லோருக்கும்தான் ஆசை.

பிறகு பிச்சம்மாள் வருவது நின்றுபோனது. சங்கரம்மாளுக்கு ஒரு நிம்மதி. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சித்திரையில் ஊர்க்காரி ஒருத்தி விறகு விற்க வந்தாள். கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"பிச்சம்மா செத்துட்டால்லா. தெரியாதா? அது கோட்டி புடிச்ச மாதிரி ஆயிட்டுது கடேசியில. கல்லு இருந்த எடத்துல போய் நிண்ணுக்கிடும். சுமையோட யாரு வந்தாலும், 'எறக்கு தாயி, நான் புடிக்கேன்'னு ரெண்டு கையையும் நீட்டும். நாங்க வேண்டாம்னு சொன்னாலும் விடாது. அதுட்ட எங்க பெலன் இருக்கு? கட்டைத் தாங்கிக்கிட்டு நடுங்கும். போன வாரம் உச்சி வெயில்ல யாரோ கொண்டுவந்த பருத்திமார்க் கட்டை எறக்குதேன்னு புடிச்சு, அப்படியே சாஞ்சிட்டுது. கட்டு மேல கெடந்துது. நாங்க போய்த்தான் தூக்கினோம்."

மோர்ச் செம்பைக் கழுவிக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. சங்கரம்மாள் அரிசியைப் போட்டாள், வடித்தாள், மாமியாருக்குப் பரிமாறினாள். புருஷனுக்குப் பரிமாறும்போது சொன்னாள்.

"பிச்சம்மா சின்னம்ம போயிட்டாக. அந்தக் கல்லத் திருப்பி நட்டுருவோம்."

"இனி யாருக்குட்டி நடப் போற? கேக்க இருந்த ஆளும் போயாச்சு" என்றான் மருதப்பன். துக்கம் விசாரிக்கிற குரல் அது இல்லை. பாரம் இறங்கிய குரல்.

மறுநாள் காலையில் சங்கரம்மாள் மேடைக்குக் கீழே தரையில் மூன்று செங்கல்லை வைத்துத் தீ மூட்டினாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை. அவள் கைதான் அந்தக் கல்லில் பானையை வைக்க மறுத்தது. உத்தரத்துக் கயிறு இற்றுப்போயிருந்தது. புதுக் கயிறு கட்டிக்கொண்டாள். நன்றாக இருந்த மேடையை விட்டுவிட்டு வேண்டுமென்றே சாப்பாட்டைப் பிந்த வைக்கிறாள் என்று மாமியார் தீர்மானித்தாள். அடைமழைக்குள் இடுப்பு முழுக்கவே பூட்டிக்கொண்டது. பாயிலிருந்து அவளைத் தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது. தை பிறந்ததும் சிவகிரிக்கு வண்டி கட்டினார்கள். இரண்டாம் தாரத்தைத் தடுக்கிற சட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது. வந்திருந்தாலும் இவளுக்காக யார் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போயிருப்பார்கள்?

வந்தவள் பெயர் கோமதித்தாய். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். கெட்ட பெண் இல்லை. அதுதான் சங்கரம்மாளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றி வந்தாள். இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். சாப்பாட்டை முதலில் அக்காவுக்கு வைத்துவிட்டுத்தான் மாமியாருக்கு வைத்தாள். மேடையைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. "எங்க ஊர்ல இப்படி ஒரு வீட்டுலயும் இல்லக்கா" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கரம்மாள் மூலையில் ஒரு பலகையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டு, அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் கோமதித்தாய்க்கு மசக்கை. வீடு முழுக்கக் கொண்டாட்டம். வயிறு தெரியத் தொடங்கியபோது சங்கரம்மாளுக்குத் தூக்கம் போனது. அந்தப் பெண் சோற்றைக் கிளறும்போது கல்லின் மேல் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். மேடையின் உயரம் அப்படி. சங்கரம்மாள் முழங்கைக்கு அளந்து கட்டியது, குட்டையான கோமதித்தாய்க்கு நேரே வயிற்றில் வந்து இடித்தது. வயிற்றோடு செத்தவளுடைய கல்லில் வயிற்றை வைத்துக்கொண்டு ஒரு சூலி நிற்கிறாள்.

முதலில் நயமாகச் சொன்னாள்.

"கோமதி, நீ கீழ உக்காந்து பொங்கு தாயி. மாசமா இருக்கையில ரொம்ப நிக்கக் கூடாது."

அவள் கேட்டுக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்தாள். மறுநாள் மாமியார் எழுப்பிவிட்டாள். "சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுக்காத. அந்தப் புள்ளயயும் ஒன்ன மாதிரி மொடமாக்கப் பாக்கியா?" என்றாள்.

அன்று மத்தியானம் மருதப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோமதித்தாய் ரசம் எடுக்கக் கல்லின் மேல் எக்கினாள். சங்கரம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. யாரும் தூக்கிவிடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றாள். நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். சுமைதாங்கி, மாடத்தி, ஓடை, வைக்கோல் வண்டி, பிச்சம்மாள் கொல்லை வாசலில் வந்து உட்கார்ந்தது, தான் சொன்ன பொய், நீட்டிய கையோடு அவள் செத்தது. கோர்வையாக வரவில்லை. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை.

கோமதித்தாய் கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமியார் மகனைப் பார்த்தாள்.

"என்னலே சொல்லுதா இவ? சுமைதாங்கிக் கல்லா அது?"

மருதப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். புதுப் பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான். மூத்தவளைப் பார்க்கவில்லை.

"அவளுக்கு மண்ட கொழம்பிட்டுது. விருதுநகர்ல பணம் குடுத்து வாங்கின கல்லு. குருசாமியத்தான் கேட்டுப் பாருங்களேன்."

குருசாமி பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"கல்லு சூடானா இலுப்பெண்ண வாசம் வருதுல்லா? கோமதி, நீ சொல்லு, வருதா இல்லயா?"

"அடுப்படின்னா எண்ண வாசம் வராம பூ வாசமா வரும்?" என்றாள் மாமியார். அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. "அம்புட்டு தெரிஞ்சவ ஒரு வருசம் அதுலதான பொங்கின? அப்ப வாசம் வரலயா? இன்னொருத்தி வயிறு நெறஞ்சதும் வருதோ? பொறாமை புடிச்ச நாக்கு. ஒரு பச்ச உசுரப் பயமுறுத்துத பாரு, நீ வெளங்குவியாட்டி?"

சங்கரம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு ஆமாம் போதும். அவன் கும்பாவில் இருந்து தலையை எடுக்கவில்லை. மோர் கேட்டான், குடித்தான், எழுந்து கடைக்குப் போனான். மாமியார் கொல்லைப் பக்கம் போய் அடுத்த வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியது உள்ளே வரைக்கும் கேட்டது.

அடுப்பங்கரையில் இரண்டு பெண்டாட்டிகளும் மட்டும் இருந்தார்கள். சங்கரம்மாள் நின்றபடியே இருந்தாள். உட்கார உதவிக்குக் கயிறு எட்டவில்லை. கோமதித்தாய் கரண்டியை வைத்துவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துப் பலகையில் மெல்ல உட்கார வைத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். இவள் ஒருத்தியாவது நம்புகிறாள் என்று சங்கரம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீகக்கா" என்றாள் அந்தப் பெண். "ஒங்களுக்குன்னு கட்டின மேடையில நான் வந்து நிக்குதது ஒங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. புள்ள பொறக்கட்டும். அவுகட்ட சொல்லி ஒங்களுக்கும் இதே மாதிரி ஒரு கல்லு பாத்துப் போடச் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்க் குழம்பைக் கிளறினாள். வயிறு கல்லில் சாய்ந்திருந்தது. சங்கரம்மாள் வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். அடுத்த வேளைக்கு உரிக்க வேண்டியது நிறைய இருந்தது.